பருத்திக்காட்டில் எழுந்த கூட்டணி

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்து, அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபோது, தென் மாநிலங்களில் நிலம் வைத்திருந்தவர்கள் கையில் ரொக்கம் இல்லை; உழைக்கத் தெரிந்தவர்கள் கையில் நிலம் இல்லை; பாங்குகளோ போரில் நொடித்துப் போயிருந்தன. இந்த வெற்றிடத்தில் வந்து அமர்ந்தவர் ஊர்ச் சந்திப்பில் கடை வைத்திருந்த வியாபாரி. ஒவ்வொரு வருஷமும் விதைப்புக் காலத்துக்கு முன்னர் குடியானவர் அவருடைய கடைக்குச் சென்று, இன்னும் முளை கூட விடாத பருத்தியை ஈடாக எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த பருத்தி எடுப்பு வரையில் குடும்பம் உயிர் தரித்திருப்பதற்கு வேண்டிய சோள மாவையும், உப்பிட்ட பன்றிக்கறியையும், வெல்லப் பாகையும், அவற்றோடு ஏர்க் கொழுவையும் எருவையும் கடனாகப் பெற்றுத் திரும்புவார். கடையில் ஒரே சரக்குக்கு இரண்டு விலைகள் இருந்தன. ரொக்கத்துக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று. கடன் விலையின் மேல் வட்டியும் ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வருஷத்துக்கு நூற்றுக்கு இருபத்தைந்திலிருந்து சில இடங்களில் நூறுக்கு மேலும் போயிற்று. ஒரு கடையில் விளைச்சலை ஈடு வைத்தவருக்கு வேறு கடைக்காரர் எவரும் கடன் கொடுக்கமாட்டார் என்பதால், விலை எதுவாயினும் அங்கேயே வாங்கியாக வேண்டும். உடனே விலை போகக்கூடிய பயிர் பருத்தி ஒன்றே என்று கடைக்காரர் கருதியதால், உண்பதற்குரிய தானியத்தைப் பயிரிடவும் அனுமதி இல்லை. பருத்தியை ஒப்படைத்துக் கணக்குத் தீர்க்கும் நாளில், பெரும்பாலான குடும்பங்களுக்குக் கையில் எஞ்சியது அடுத்த வருஷத்துக்குக் கொண்டு செல்லப்பட்ட பாக்கிதான்.

முதலில் இந்தப் பாரத்தைச் சுமந்தவர்கள் விடுதலை பெற்ற கறுப்பின மக்களே. விளைச்சலில் பாதியை நிலச் சொந்தக்காரருக்கு அளந்துவிட்டு, மீதிப் பாதியைக் கடைக்காரரிடம் இழந்து வந்த வாரக் குடிகளான அவர்களுக்கு, எழுத்தறிவு அடிமைக் காலத்தில் சட்டத்தினாலேயே மறுக்கப்பட்டிருந்தது. அறிவு இருந்தும் வெள்ளையரின் கணக்குப் புத்தகத்தைத் தவறு என்று சொல்லத் துணிந்தவருக்கு உயிர் நிச்சயமில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருஷங்களுக்குள்ளாகவே, மலைச்சாரல்களில் சொந்தச் சிறு நிலம் வைத்துக் கௌரவமாக வாழ்ந்து வந்த வெள்ளைக் குடியானவர்களும் அதே கடைவாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். போருக்குப் பிந்திய அரசாங்கம் காகித நாணயத்தைச் சுருக்கி, 1873-ல் வெள்ளி நாணய அடிப்பையும் நிறுத்திப் பொன்னையே அளவுகோலாக்கியதன் விளைவாகப் பண்டங்களின் விலைகள் இருபது வருஷங்களுக்கு மேல் ஓயாமல் சரிந்தன. 1870-களின் தொடக்கத்தில் பவுண்டு ஒன்று பன்னிரண்டு சென்ட்டுக்குக் குறையாமல் விற்ற பருத்தி, 1894-ல் ஐந்து சென்ட்டுக்கும் கீழே போயிற்று. பத்துப் பொதி மதிப்புக்குக் கடன் வாங்கியவன் பதினைந்து பொதி கொடுத்தும் அதை அடைக்க முடியாத நிலை இது. நிலத்தை ஈடு வைத்து இழந்த வெள்ளையன், தன் தகப்பனார் அடிமை என்று ஏளனம் செய்தவரின் மகனோடு பக்கத்துப் பக்கத்து வயலில் வாரத்துக்கு உழலானான். ஆயினும் தான் அவனைவிட மேம்பட்டவன் என்ற எண்ணம் மட்டும் அவனிடம் ஈடு போகாமல் நின்றது. அந்த எண்ணத்தை யார் எப்போது எழுப்பினார்கள், எதற்காக எழுப்பினார்கள் என்பதே இந்தச் சரித்திரத்தின் பெரும் பகுதி.

1877-ல் டெக்ஸாஸ் மாநிலத்து லாம்பாஸாஸ் பிரதேசத்தில் சில குடியானவர்கள் கூடித் தொடங்கிய சிறு சங்கம் ஒன்று, பத்து வருஷங்களுக்குள் தென் பகுதி முழுவதும் வேரூன்றி, குடியானவர் கூட்டணி என்ற பெயரோடு அந்நாடு அதுவரை கண்டிராத பெரிய விவசாய ஸ்தாபனமாக வளர்ந்தது. ஊர் ஊராகச் சென்று பிரசங்கம் செய்யும் போதகர்கள் அதற்கு இருந்தார்கள். நாணயக் கொள்கை, ரயில் கட்டணம், ஈட்டுச் சட்டம் ஆகியவற்றைப் பள்ளிக்கூடத்தின் வாசலையே அறியாத மக்களுக்கு விளங்க வைத்தது அவர்களுடைய பெருமை. பருத்தியை ஒன்றாகச் சேர்த்து விற்கவும், சரக்குகளை ஒன்றாக வாங்கவும் டாலஸ் நகரத்தில் ஒரு கூட்டுறவு நிலையம் ஏற்படுத்தினார்கள். பாங்குகள் கடன் தர மறுத்ததால் அது இரண்டு வருஷங்களில் முறிந்தது. பருத்திப் பொதியைச் சுற்றும் சணல் துணியை உற்பத்தி செய்தவர்கள் 1888-ல் ஒன்று கூடித் திடீரென்று விலையை உயர்த்தியபோது, வங்காளத்துச் சணலைத் தீண்டுவதில்லை என்று விரதம் பூண்டு, தங்கள் பொதிகளைப் பருத்தித் துணியிலேயே கட்டி அனுப்பி அந்தக் கூட்டை முறியடித்தார்கள். 1889 டிசம்பரில் ஸெயின்ட் லூயிஸ் மாநாட்டில், சார்ல்ஸ் மக்யூன் என்ற தலைவர் வகுத்த திட்டம் எல்லாவற்றினும் சிறந்தது. அரசாங்கமே களஞ்சியங்கள் கட்டி, குடியானவரின் பருத்தியைக் காத்து வைத்து, அதன் மதிப்பில் நூற்றுக்கு எண்பது பங்கு வரையில், வருஷத்துக்கு நூற்றுக்கு ஒன்று வட்டியில் புது நாணயமாகக் கடன் தர வேண்டும் என்பது அத்திட்டம். கடைக்காரரின் பிடியை வேரிலேயே அறுக்கக்கூடிய இந்த யோசனையைப் பைத்தியக்காரத்தனம் என்று பத்திரிகைகள் பரிகசித்தன.

இத்தனை தெளிவாகப் பொருளாதாரத்தை ஆராய்ந்த அந்தக் கூட்டணி, தன் உறுப்பினர் வெள்ளையராகவே இருக்க வேண்டும் என்று விதித்திருந்தது. ஆகவே கறுப்புக் குடியானவர்கள் தங்களுக்கென ஒரு கூட்டணியை 1886 டிசம்பரில் டெக்ஸாஸின் ஹ்யூஸ்டன் கௌன்டியில் தொடங்கினார்கள். ஜே. ஜே. ஷஃபர் என்ற கறுப்பர் அதன் முதல் தலைவரானார். ரிச்சர்ட் மானிங் ஹம்ஃப்ரி என்ற வெள்ளைக்காரப் பாப்டிஸ்ட் பாதிரியார் பொதுக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்று, தென் மாநிலங்கள் எங்கும் அதைப் பரப்பினார். பன்னிரண்டு லட்சம் உறுப்பினர்கள் என்று அந்தச் சங்கம் சொல்லிக்கொண்டது. அந்தக் கணக்கை மிகையென்று கொண்டாலும், அடிமை முறை ஒழிந்து கால் நூற்றாண்டு ஆவதற்குள் அவ்வளவு எளிய மக்கள் உயிருக்கு அஞ்சாமல் ஒரு ஸ்தாபனத்தில் சேர்ந்தது வியப்புக்குரியது. 1890 டிசம்பரில் ஃப்ளாரிடாவின் ஓகாலா நகரத்தில் இரண்டு கூட்டணிகளும் ஒரே சமயத்தில் மாநாடு கூடி, சில தீர்மானங்களில் ஒத்துப் போயின. ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பரின் வாக்கைக் காக்க மத்திய அரசாங்கம் தேர்தல்களை மேற்பார்வை செய்ய வேண்டும் என்ற மசோதா அந்த வருஷம் காங்கிரஸில் இருந்தது. வெள்ளையர் கூட்டணி அதைக் கண்டித்தது, கறுப்பர் கூட்டணி அதை ஆதரித்தது. கடனைப் பற்றி ஒரே குரலில் பேசியவர்கள் வாக்குரிமையைப் பற்றி வந்ததும் இரண்டு குரலாகப் பிரிந்தார்கள்.

கூலியைப் பற்றி வந்தபோது பிரிவு இன்னும் ஆழமாயிற்று. இயக்கத்தின் சரித்திரத்தை எழுதுவோர் இந்த நிகழ்ச்சியைச் சில வரிகளில் கடந்துவிடுவது வழக்கம். என் அபிப்பிராயத்தில் பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் திறவுகோல் இங்கேதான் இருக்கிறது. வெள்ளையர் கூட்டணியில் இருந்தவர்கள், எவ்வளவுதான் கடனில் மூழ்கியிருந்தாலும், பெரும்பாலும் நிலத்தை வைத்துப் பயிர் செய்பவர்கள். பருத்தி வெடித்து நிற்கும் மாதங்களில் கூலிக்கு ஆள் வைத்து எடுப்பவர்கள். கறுப்பர் கூட்டணியில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அப்படி எடுக்கப் போகும் கூலிகளும், நிலமற்ற வாரக் குடிகளுமே. நூறு பவுண்டு பருத்தி எடுத்தால் ஐம்பது சென்ட் கூலி. அதையும் குறைக்கச் சில இடங்களில் தோட்டக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். 1891-ல் ஹம்ஃப்ரி, நூறு பவுண்டுக்கு ஒரு டாலரும் சாப்பாடும் தராதவர்களுடைய காட்டில் யாரும் இறங்கக் கூடாது என்று செப்டம்பர் மாதத்தில் தென் பகுதி முழுவதும் வேலைநிறுத்தம் செய்ய அழைப்பு விடுத்தார். வெள்ளையர் கூட்டணியின் தலைவரும், தம் மக்களின் தரித்திரத்தைக் கண்டு உண்மையாகவே உருகியவருமான லியானிடஸ் போக், அவ்வளவு கூலி கொடுப்பதைவிடப் பருத்தியைச் செடியிலேயே விட்டுவிடலாம் என்று தம் பத்திரிகை மூலம் குடியானவர்களுக்கு யோசனை சொன்னார். கடைக்காரர் தம்மிடம் கேட்கும் வட்டியில் இருந்த அநீதியை அத்தனை தெளிவாகக் கண்ட கண்கள், தாம் கொடுக்கும் கூலியில் இருந்த அநீதியைக் காணவில்லை.

வேலைநிறுத்தம் பெரும்பாலான இடங்களில் எழுவதற்கு முன்பே அடங்கிவிட்டது. மிஸ்ஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள ஆர்கன்ஸாஸ் மாநிலத்து லீ கௌன்டியில் மட்டும், பென் பாட்டர்ஸன் என்ற கறுப்பு இளைஞரின் தலைமையில் சில கூலிகள் தோட்டந் தோட்டமாகச் சென்று வேலையை நிறுத்தச் சொன்னார்கள். கைகலப்பு மூண்டது, ஒரு தோட்டத்து மேற்பார்வையாளர் கொல்லப்பட்டார், ஒரு பஞ்சு அரவைக் கொட்டகை எரிந்தது. அதன்பின் ஆயுதந் தாங்கிய வெள்ளையர் கூட்டம், நாணற்காடுகளில் ஒளிந்திருந்தவர்களைத் தேடி வேட்டையாடிற்று. பிடிபட்டுக் காவலில் இருந்த ஒன்பது பேரை முகமூடி அணிந்த கும்பல் காவலர்களின் கையிலிருந்து பறித்துத் தூக்கிலிட்டது; காயத்தோடு நீராவிப் படகில் ஏறித் தப்ப முயன்ற பாட்டர்ஸனையும் இறக்கிச் சுட்டுக் கொன்றார்கள். எல்லாருமாகப் பதினைந்து பேர் மாண்டதாகக் கணக்கு. அதோடு கறுப்பர் கூட்டணியும் சில மாதங்களில் கலைந்து போயிற்று. வெள்ளையர் கூட்டணியின் மேடைகளில் அந்தப் பதினைந்து பேருக்காக ஒரு கண்டனக் குரல் எழுந்திருக்குமானால், அடுத்த பத்து வருஷங்களின் சரித்திரமே வேறு விதமாகச் சென்றிருக்கக் கூடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1892 ஜூலை 4-ஆம் தேதி, அதாவது சுதந்திரப் பிரகடன நாளன்று, நெப்ராஸ்காவின் ஓமஹா நகரத்தில் கூடிய மாநாட்டில், கூட்டணியினர் முன்னின்று தோற்றுவித்த மக்கள் கட்சி தன் முதல் ஜனாதிபதி அபேட்சகரை நிறுத்தியது. அந்த அபேட்சகரான ஜேம்ஸ் வீவர் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். தென் பகுதியில் இக்கட்சிக்கு ஒரு நெருக்கடி இருந்தது. வெள்ளையர் அனைவரும் ஜனநாயகக் கட்சியிலேயே ஒற்றுமையாக நிற்க வேண்டும், அவர்கள் பிரிந்தால் கறுப்பர் ஆட்சி வந்துவிடும் என்பது அங்கே வேதவாக்கு. பிரிந்து வருபவர்களுக்குக் கறுப்பரின் வாக்கு இல்லாமல் வெற்றி இல்லை. அந்த வாக்கைக் கேட்டாலோ இனத்துரோகி என்ற பட்டம். இந்த நெருக்கடியை நேருக்கு நேர் சந்தித்தவர் ஜார்ஜியாவின் டாம் வாட்ஸன். அடிமைகள் வைத்திருந்த குடும்பத்தில் 1856-ல் பிறந்து, போரினால் அந்தச் செல்வம் அழிந்து, வறுமையில் வளர்ந்து, வக்கீலாகிப் பொருள் சேர்த்து, 1890-ல் காங்கிரஸ் உறுப்பினரான அவர், 1892 அக்டோபரில் ‘அரீனா’ சஞ்சிகையில் எழுதிய கட்டுரை ஒன்றில், வெள்ளைக் குடியானவரும் கறுப்புக் குடியானவரும் தனித்தனியே கொள்ளையிடப்படுவதற்காகவே ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறார்கள் என்றும், அந்தப் பகைமையின் மேல்தான் இருவரையும் அடிமையாக்கும் பணத்தின் கொடுங்கோன்மை நிற்கிறது என்றும் வாதித்தார். தென் பகுதியில் பிறந்த வெள்ளை அரசியல்வாதி ஒருவர் அந்நாளில் இதைப் பகிரங்கமாக எழுதியது சாதாரணமான காரியமன்று. சமூக வாழ்வில் சமத்துவம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றும் அவர் கூடவே சொல்லி வந்தார் என்பதை மறைப்பதும் நேர்மையாகாது.

வாட்ஸனுக்காக அந்த வருஷம் அறுபதுக்கு மேற்பட்ட பிரசங்கங்கள் செய்தவர் எச். எஸ். டாயில் என்ற இளம் கறுப்புப் போதகர். அவரைக் கொல்லக் கூட்டம் வருகிறது என்ற செய்தி வந்ததும், அவர் வாட்ஸனின் வீட்டுக்கு ஓடி வந்து அடைக்கலம் புகுந்தார். வாட்ஸன் குதிரை வீரர்களை அனுப்பி நாட்டுப்புறமெங்கும் செய்தி சொல்லச் செய்ய, இரவெல்லாம் பயணம் செய்து சுமார் இரண்டாயிரம் வெள்ளைக் குடியானவர்கள் துப்பாக்கிகளுடன் வந்து, இரண்டு இரவுகள் அந்தக் கறுப்புப் போதகருக்குக் காவல் நின்றார்கள். அதே பருவத்தில் தூக்குக் கயிற்றோடு ஒரு கறுப்பரைத் தேடிப் போவதற்குக் கூட்டம் சேர்வதுதான் ஜார்ஜியாவில் வழக்கம். காப்பதற்காகச் சேர்ந்த இந்தக் கூட்டத்தைக் கண்டு தோட்டக்காரர்களும் ஆலை முதலாளிகளும் அடைந்த அச்சம் நியாயமானதே. அவர்கள் அதற்குப் பதில் சொன்னது வாக்குப் பெட்டியில். அகஸ்டா நகரத்தில் பதிவான வாக்குகளின் தொகை, அங்கே வாக்குரிமை பெற்றிருந்தவர்களின் தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது, வாட்ஸன் தோற்றார். அதே வருஷம் அலபாமாவில் கவர்னர் பதவிக்கு நின்ற ரூபன் கோல்ப், வெள்ளைக் குடியானவர்கள் மிகுந்த பிரதேசங்களில் பெரும்பாலும் ஜயித்தும், கறுப்பர் பெரும்பான்மையாக வாழ்ந்த கரிசல் பிரதேசத்திலிருந்து தோட்டக்காரர்கள் எழுதி அனுப்பிய வாக்குக் கணக்கினால் சுமார் 11,000 வாக்குகளில் தோற்றார். கறுப்பரின் வாக்கு ஆபத்தானது என்று மேடையில் முழங்கியவர்கள், அந்த வாக்கைத் தாங்களே எழுதித் தாங்களே எண்ணி, அதைக் கொண்டு ஏழை வெள்ளையரை வீழ்த்தினார்கள்.

ஒரு மாநிலத்தில் மட்டும் ஏற்பாடு பலித்தது. வட கரோலினாவில் மக்கள் கட்சியினரும், கறுப்பரை முதுகெலும்பாகக் கொண்ட குடியரசுக் கட்சியினரும் 1894-ல் உடன்பாடு செய்துகொண்டு சட்டசபையைக் கைப்பற்றினார்கள். வட்டியை நூற்றுக்கு ஆறு என்று வரையறுத்தார்கள். உள்ளூர் நிர்வாகத்தை மேலிடத்து நியமனத்திலிருந்து விடுவித்து மக்களின் தேர்தலுக்கு உட்படுத்தினார்கள். வாக்குப் பதிவை எளிதாக்கினார்கள். 1896-ல் டானியல் ரஸ்ஸல் கவர்னரானார். ஜார்ஜ் ஹென்ரி ஒயிட் என்ற கறுப்பர் காங்கிரஸுக்குச் சென்றார். கறுப்பர் பெரும்பான்மையாக வாழ்ந்த துறைமுக நகரமான வில்மிங்டனில், நகர சபையிலும் போலீஸிலும் அவர்களுக்குச் சிறு பங்கு கிடைத்தது. வைத்தியர்களும் வக்கீல்களும் வியாபாரிகளும் அவர்களிடையே தோன்றியிருந்தார்கள். 1898-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சியின் தலைவர் ஃபர்னிஃபோல்ட் ஸிம்மன்ஸ் வட்டியைப் பற்றியோ ரயிலைப் பற்றியோ பேசவில்லை. வெள்ளைப் பெண்களின் மானம் என்ற ஒன்றையே பேச வைத்தார். ஜோஸஃபஸ் டானியல்ஸின் பத்திரிகை நாள்தோறும் அருவருப்பான கேலிச் சித்திரங்களை வெளியிட்டது. செஞ்சட்டை அணிந்த குதிரைப் படைகள் ஊர்களை அச்சுறுத்தின. தேர்தலில் ஜயித்தும் ஜனநாயகக் கட்சியினருக்குத் திருப்தி ஏற்படவில்லை. வில்மிங்டன் நகர சபைக்கு அந்த வருஷம் தேர்தல் இல்லை. ஆகவே நவம்பர் 10-ஆம் தேதி, ஆல்ஃப்ரெட் வாடெல் என்ற முன்னாள் காங்கிரஸ் உறுப்பினரின் தலைமையில் ஆயுதம் ஏந்திய வெள்ளையர் திரண்டு, அலெக்ஸாண்டர் மான்லி என்ற கறுப்பர் நடத்தி வந்த நாளிதழின் கட்டடத்தை எரித்து, தெருக்களில் கறுப்பரைச் சுட்டு, மேயரையும் சபையினரையும் துப்பாக்கி முனையில் ராஜிநாமாச் செய்ய வைத்தார்கள்; அன்று மாலைக்குள் வாடெல் மேயரானார். மாண்டவர்களின் எண்ணிக்கை இன்றளவும் சர்ச்சைக்கு உரியது. அறுபதுக்கு மேல் என்று மதிப்பிடுவோர் உண்டு. வாஷிங்டனிலிருந்து ஒரு சிப்பாயும் வரவில்லை. இது தற்செயலாக மூண்ட கலகமன்று, மேல்மட்டத்தார் திட்டமிட்டுச் செய்த சதி என்று அம்மாநிலம் நியமித்த விசாரணைக் குழு முடிவு கூறியது 2006-ல். நூற்றெட்டு வருஷங்களுக்குப் பின்.

துப்பாக்கியால் பெற்றதைச் சட்டத்தால் நிலைநிறுத்துவது அடுத்த காரியமாயிற்று. மிஸ்ஸிஸிப்பி 1890-லேயே வழி காட்டியிருந்தது: தலைவரி கட்டியவருக்கே வாக்கு, அரசியல் சாசனத்தின் ஒரு பகுதியை வாசிக்கவோ விளக்கவோ தெரிந்தவருக்கே வாக்கு, விளக்கம் சரியா என்று தீர்மானிப்பவர் வெள்ளை அதிகாரி. 1898-ல் உச்ச நீதிமன்றம் இதில் குற்றம் காணவில்லை. அதே வருஷம் லூயிஸியானா, 1867-க்கு முன் வாக்குரிமை பெற்றிருந்தவரின் மகனுக்கோ பேரனுக்கோ இந்தப் பரீட்சை வேண்டாம் என்று ஒரு ஷரத்தைச் சேர்த்தது. 1896-ல் அம்மாநிலத்தில் பதிவு பெற்றிருந்த கறுப்பு வாக்காளர்கள் 1,30,334 பேர். 1904-ல் 1,342 பேர். ஏழை வெள்ளையருக்கு இதில் தீங்கில்லை என்று வாக்குறுதி அளிக்கப்பட்டது, ஆனால் அந்தச் சலுகை சில காலத்துக்கே, தலைவரியோ அதற்குப் பின்னும் நீடித்தது. அலபாமா 1901-ல் நிறைவேற்றிய சாசனப்படி, வருஷத்துக்கு ஒன்றரை டாலர் வரி, கட்டாத வருஷங்களுக்கெல்லாம் சேர்ந்து முப்பத்தாறு டாலர் வரையில் ஏறும். ரொக்கத்தைக் கண்ணால் காண்பதே அரிதான வாரக் குடிக்கு, அவன் தோல் எந்த நிறமாயினும், அது எட்டாத தொகை. இதை உணர்ந்த வெள்ளைக் குடியானவர்கள் அந்தச் சாசனத்தை எதிர்த்து வாக்களித்தார்கள். கரிசல் பிரதேசத்தைத் தவிர்த்துப் பார்த்தால் அது தோற்றது. கறுப்பர் பெரும்பான்மையாக வாழ்ந்த கரிசல் கௌன்டிகளில், கறுப்பர்கள் தங்கள் வாக்குரிமையைத் தாங்களே பறித்துக்கொள்ளத் திரளாக வாக்களித்தார்கள் என்று கணக்கு எழுதப்பட்டு, சாசனம் வென்றது. ஜார்ஜ் ஒயிட் 1901-ல் காங்கிரஸைவிட்டு வெளியேறிய பின்பு, தென் பகுதியிலிருந்து ஒரு கறுப்பர் அங்கே மறுபடியும் நுழைந்தது 1973-ல்.

வாட்ஸன் 1896-ல் மக்கள் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகரான ப்ரையனோடு துணை ஜனாதிபதி பதவிக்கு நின்று தோற்று, சில வருஷங்கள் ஒதுங்கிச் சரித்திர நூல்கள் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, 1904-ல் திரும்பி வந்தபோது வேறு மனிதராக இருந்தார். கறுப்பருக்கு வாக்கு இருக்கும் வரையில் அந்தப் பூச்சாண்டியைக் காட்டி வெள்ளைக் குடியானவரைப் பணக்காரர்கள் அடக்கிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே அந்த வாக்கை எடுத்துவிட்டால்தான் வெள்ளையர் துணிந்து பிரிந்து சீர்திருத்தம் செய்ய முடியும் என்பது அவருடைய புதிய வாதம். 1906-ல் ஹோக் ஸ்மித்தைக் கவர்னராக்க அவர் தம் செல்வாக்கு முழுவதையும் கொடுத்தார். அந்தத் தேர்தல் வெறி அடங்குவதற்குள் அட்லாண்டாவில் கறுப்பரைக் கொன்று குவித்த கலகம் நடந்தது. 1908-ல் ஜார்ஜியாவிலும் வாக்குரிமை பறி போயிற்று. பின்னர் கத்தோலிக்கரையும் யூதரையும் அவர் பத்திரிகை தூஷித்தது. 1915-ல் லியோ ஃப்ராங்க் என்ற யூதர் கும்பலால் கொல்லப்பட்டதற்கு அந்த எழுத்தே தூபமிட்டது. 1920-ல் செனட் உறுப்பினராகி, 1922-ல் இறந்தார். தம்மை வாக்குப் பெட்டியில் கொள்ளையடித்தவர்களோடு சமரசம் செய்துகொண்டு, தமக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களைப் பழி வாங்கினார் என்பதே அவர் பிற்கால வாழ்க்கையைப் பற்றி நான் சொல்லக்கூடியது. அவருடைய மனம் கெட்டது மட்டும் காரணமன்று. கறுப்பரின் வாக்கை அவர் தொடக்கத்திலிருந்தே துணைக்கு வேண்டிய ஒரு படையாகக் கருதினாரே ஒழிய, அவர்களுடைய கூலியையும் நிலத்தையும் தம் வழக்காகக் கருதியதில்லை. துணைப்படை பயன்படவில்லை என்று கண்டதும் கலைத்துவிட்டார்.

டெக்ஸாஸில் மக்கள் கட்சியின் பெரும் பிரசங்கியாக விளங்கிய ஜான் ரேனரின் கதி இதற்கு மறுபக்கம். வெள்ளைத் தோட்டக்காரர் ஒருவருக்கு அடிமைப் பெண்ணிடம் 1850-ல் பிறந்த ரேனர், கட்சியின் மாநிலக் குழுவில் இடம் பெற்று, பள்ளிக்கூடங்களுக்கும் நியாயமான நீதிக்கும் கறுப்பர் சார்பில் வாதாடியவர். கட்சி அழிந்த பின்பு அவர் ஒதுங்க இடமில்லாமல், கறுப்பர் கல்விக்கு நன்கொடை திரட்டுவதற்காகச் செல்வர்களின் வாசலில் நின்று, மர வியாபாரக் கோடீசுவரர் ஒருவருக்குக் கூலியாள் சேர்த்துக் கொடுக்கும் நிலைக்கு வந்து, 1918-ல் இறந்தார். வாட்ஸனுக்கு 1932-ல் ஜார்ஜியாவின் சட்டசபை மாளிகை முன்னால் வெண்கலச் சிலை எழுப்பப்பட்டு, 2013 வரையில் அங்கேயே நின்றது.

மக்யூன் வகுத்த களஞ்சியத் திட்டம், அது பிறந்து நாற்பத்து நான்கு வருஷங்களுக்குப் பிறகு, 1933-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசாங்கத்தால் வேறு பெயரில் நிறைவேறிற்று. காத்து வைத்த பருத்தியின் மேல் அரசாங்கமே கடன் கொடுத்தது. அதே அரசாங்கம் பருத்திச் சாகுபடியைக் குறைப்பதற்காக அளித்த மானியமோ நிலச் சொந்தக்காரரின் கையில் சேர்ந்தது. நிலம் தரிசாயிற்று, வாரக் குடிகள் வெளியேற்றப்பட்டார்கள். 1934 ஜூலையில் ஆர்கன்ஸாஸில் டைரொன்ஸா என்ற ஊருக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொரு வெள்ளையரும் ஏழு கறுப்பரும் கூடினார்கள். சங்கம் இரண்டாக இருக்கலாமா, ஒன்றாக இருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, பிரித்து வைத்தால் தோட்டக்காரர்கள் ஒன்றை மற்றொன்றின் மேல் ஏவுவார்கள் என்று கண்டு, ஒன்றே என்று முடிவு செய்து, தென்பகுதிக் குத்தகைக் குடியானவர் சங்கத்தைத் தொடங்கினார்கள், இ. பி. மெக்கின்னி என்ற கறுப்புப் போதகர் அதன் உபதலைவரானார். கூட்டங்கள் கலைக்கப்பட்டன, வீடுகள் சுடப்பட்டன, உறுப்பினர்கள் சவுக்கால் அடிக்கப்பட்டார்கள். 1935 இலையுதிர் காலத்தில் அவர்கள் பருத்தி எடுப்பதை நிறுத்தினார்கள். தோட்டக்காரர்கள் கொடுக்க வந்தது நூறு பவுண்டுக்கு நாற்பது சென்ட். சங்கம் கேட்டது, 1891-ல் ஹம்ஃப்ரி கேட்ட அதே ஒரு டாலர். இந்த முறை வெள்ளைக் கூலியும் கறுப்புக் கூலியும் சேர்ந்தே காட்டை விட்டு வெளியே இருந்தார்கள். பல தோட்டங்களில் எழுபத்தைந்து சென்ட் கொடுத்துத்தான் பருத்தியை வீட்டுக்குக் கொண்டு வர முடிந்தது.